கொங்கு வானம் – 17: ஆறு டேங்கர்கள், மூன்று முயற்சிகள்

தேஜஸ் விமானங்கள் சூலூருக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் தொடங்கிய 45-ஆவது ஸ்குவாட்ரன் 2018-இல் சூலூருக்கு இடம் மாறியது. 2020 மே 27 அன்று, 1971 போரில் உயிர் நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் பணியாற்றிய 18-ஆவது ஸ்குவாட்ரன் அதே தளத்தில் தேஜஸோடு மீண்டும் தொடங்கப்பட்டது. இரண்டு ஸ்குவாட்ரன்களும் ஒரே விமானத்தைத்தான் ஓட்டின என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. இறுதி அனுமதித் தரத்தில் கட்டப்பட்டு 18-ஆவது ஸ்குவாட்ரனுக்குப் போன விமானங்களில், மூக்குக்குச் சற்றுப் பின்னால் வலது பக்கத்திலிருந்து ஒரு குழாய் முன்னோக்கி நீண்டிருக்கும். பறந்தபடியே இன்னொரு விமானத்திடம் எரிபொருள் வாங்கிக்கொள்ளும் குழாய் அது.

அந்தக் குழாய்க்குள் முதன்முதலாக எரிபொருள் இறங்கிய நாள் 2018 செப்டம்பர் 10. அன்று காலை 20,000 அடி உயரத்தில், ஆக்ராவிலிருந்து வந்த ஐ.எல்.-78 டேங்கருக்குப் பின்னால் தேஜஸைக் கொண்டுபோய் நிறுத்தினார் விங் கமாண்டர் சித்தார்த் சிங். 1,900 கிலோ எரிபொருள் கை மாறியது. தேஜஸின் உட்தொட்டிகள் கொள்வதே இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்தால், அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு விளங்கும். கிட்டத்தட்ட இன்னொரு முழுப் பறப்புக்கான எரிபொருளைத் தரையைத் தொடாமலேயே அந்த விமானம் வாங்கிக்கொண்டது.

ஆக அன்று போர் விமானம் தயாராகிவிட்டது, விமானியும் தயார். ஊட்டுவதற்கு நாட்டில் எத்தனை டேங்கர்கள் இருந்தன? ஆறு. 2003, 2004 ஆண்டுகளில் வாங்கிய அதே ஆறுதான். இன்னும் ஆறு வாங்க வேண்டும் என்று 2006-இல் தொடங்கிய வேலை இருபது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே வருகிறது. இரண்டு டெண்டர்கள் கடைசிப் படி வரை போய் ரத்தாயின. மூன்றாவது முயற்சி இப்போது நடக்கிறது. சூலூர் ஓடுதளத்திலிருந்து எழும் போர் விமானங்களின் எட்டும் தூரத்தைத் தீர்மானிக்கும் கதை இது. ஆகவே கொங்கு வானத்தின் வரலாற்றில் இதற்கு இடம் உண்டு.

இந்தியாவை நோக்கிய முதல் கனவு

நடுவானில் எரிபொருள் நிரப்பும் எண்ணம் நூறு ஆண்டுப் பழையது. 1923 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ வானில், மேலே பறந்த விமானத்திலிருந்து ஒரு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டு, கீழே பறந்தவர் கையால் பிடித்துத் தன் தொட்டியில் செருகிக்கொண்டார். எரிபொருள் தன் எடையாலேயே இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இதே முறையில் ஒரு விமானம் 37 மணி நேரம் தரையிறங்காமல் வானில் இருந்தது.

இந்தக் கலையை ஒரு தொழிலாக வளர்த்தவர் ஆலன் காபம் என்ற ஆங்கிலேய விமானி. அவருடைய முதல் பெரிய இலக்கே இந்தியாதான். 1934-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியா வரை எங்கும் இறங்காமல் பறப்பது, வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்வது என்று திட்டமிட்டுக் கூரியர் என்ற சிறிய விமானத்தில் புறப்பட்டார். மால்டா தீவு வரை எல்லாம் சரியாக நடந்தது. அங்கே எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பு கழன்றுபோக, இறங்க நேர்ந்தது. இந்தியக் கனவு மால்டாவோடு நின்றாலும், அவர் தொடங்கிய நிறுவனம் நிற்கவில்லை. டேங்கரிலிருந்து ஒரு நீண்ட குழாயை அவிழ்த்துவிட்டு, அதன் நுனியில் கூடை போன்ற ஒரு கூம்பை மிதக்கவிடும் முறை அங்கேதான் முழு உருவம் பெற்றது. 1949 ஆகஸ்டில் அந்தக் கூடையில் திரும்பத் திரும்ப எரிபொருள் வாங்கி, ஒரு மீட்டியர் ஜெட் விமானம் 12 மணி நேரத்துக்கு மேல் பறந்து காட்டியது. இன்று தேஜஸ், சுகோய், மிராஜ், ஜாகுவார், ரஃபேல் என்று நம் போர் விமானங்கள் எரிபொருள் வாங்குவது இந்தக் கூடை முறையில்தான்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். டேங்கரின் வாலடியிலிருந்து நீளும் விறைப்பான ஒரு குழாயை டேங்கரில் இருப்பவரே இயக்கி, பின்னால் வரும் விமானத்தின் முதுகில் உள்ள துளையில் பொருத்துவார். இதற்குப் பூம் முறை என்று பெயர். நொடிக்கு அதிக எரிபொருள் பாயும் என்பதால் பெரிய விமானங்களுக்கு இதுவே ஏற்றது. நம் விமானப்படையின் சி-17 சரக்கு விமானமும், அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் கடற்படையின் பி-8ஐ விமானமும் பூம் முறைக்காக வடிவமைத்தவை. நம் ஐ.எல்.-78 டேங்கரில் இருப்பது கூடை மட்டும்தான். எனவே இந்தப் பெரிய விமானங்களுக்கு நம் சொந்த டேங்கரால் ஒரு சொட்டுக்கூட ஊட்ட முடியாது. அடுத்து வரப்போகும் டெண்டர்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

டேங்கர் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1982-இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் உலகம் பார்த்தது. ஒரே ஒரு பிரிட்டிஷ் வல்கன் குண்டுவீச்சு விமானம் அட்லாண்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, ஸ்டான்லி ஓடுதளத்தில் குண்டு போட்டுவிட்டுச் சுமார் 16 மணி நேரத்தில் திரும்பியது. அதற்காக 11 விக்டர் டேங்கர்கள் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற டேங்கர்களுக்கே எரிபொருள் ஊட்டிவிட்டுத் திரும்பின. ஒரு நாட்டின் கை எவ்வளவு நீளம் என்பது அதன் போர் விமானத்தைவிட டேங்கரையே பொறுத்திருக்கும் என்று எல்லா விமானப்படைகளும் அன்று குறித்துக்கொண்டன.

ஆக்ராவுக்கு வந்த ஆறு

இந்தியாவின் முதல் டேங்கர் 2003-இல் ஆக்ரா தளத்துக்கு வந்தது. அதற்கென்றே 78-ஆவது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. விமானத்தின் பெயர் ஐ.எல்.-78எம்.கே.ஐ. சோவியத் காலத்து ஐ.எல்.-76 சரக்கு விமானத்தின் உடலில் கட்டிய டேங்கர் அது. நான்கு எஞ்சின்கள், நூறு டன்னுக்கு மேல் எரிபொருள். இரண்டு இறக்கைகளிலும் வாலடியிலுமாக மூன்று கூடைகளை அவிழ்த்துவிடலாம்.

வந்த மறு ஆண்டே அவை தம் மதிப்பைக் காட்டின. 2004 ஜூலையில் அமெரிக்காவின் அலாஸ்காவில் நடந்த கோப் தண்டர் பயிற்சிக்கு நம் ஜாகுவார் விமானங்கள் ஐ.எல்.-78 துணையோடு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. 2007-இல் சுகோய்-30 விமானங்கள் இங்கிலாந்துக்கும், 2008-இல் நெவாடாவில் நடந்த ரெட் ஃப்ளாக் பயிற்சிக்கும் போயின. அதுவரை துணைக்கண்டத்துக்குள் கணக்கிடப்பட்ட படை, ஐந்தே ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் படையாயிற்று.

தூரம் மட்டுமே இதன் பயன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு போர் விமானம் தரையிலிருந்து எழும்போது இவ்வளவு எடைக்கு மேல் தூக்க முடியாது என்று ஒரு வரம்பு உண்டு. தொட்டியை நிரப்பினால் ஆயுதத்தைக் குறைக்க வேண்டும், ஆயுதத்தை ஏற்றினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். லே போன்ற உயரமான தளங்களில், காற்று மெலிந்திருப்பதால், இந்த வரம்பு இன்னும் கடுமை. டேங்கர் இருந்தால் ஆயுதத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு, கொஞ்ச எரிபொருளோடு எழுந்து, மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம். காவல் சுற்றுக்குப் போன இரண்டு விமானங்கள் நான்கு விமானங்களின் வேலையைச் செய்யலாம். 42 ஸ்குவாட்ரன்களுக்கு அனுமதி இருந்தும், கையில் அதைவிட வெகு குறைவாக வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஒரு படைக்கு இது வசதி என்ற நிலையைத் தாண்டி அவசியமாகிவிடுகிறது.

தாஷ்கண்டில் தொடங்கிய தலைவலி

ஆறு விமானங்களுக்கும் பிறந்த ஊர் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட். சோவியத் ஒன்றியம் இருந்த வரையில் வடிவமைப்பு மாஸ்கோவில், கட்டுமானம் தாஷ்கண்டில் என்பது ஒரே நாட்டுக்குள் நடந்த ஏற்பாடு. ஒன்றியம் உடைந்த பிறகு வடிவமைப்பாளர் ஒரு நாட்டிலும் ஆலை இன்னொரு நாட்டிலுமாக நின்றார்கள். தாஷ்கண்ட் ஆலை நொடித்துப்போக, ஐ.எல்.-76 கட்டும் வேலையை ரஷ்யா தன் உல்யானோவ்ஸ்க் நகரத்துக்கு மாற்றிக்கொண்டது. வாங்கியவர்களுக்கு உதிரிபாகம் கேட்கும் முகவரியே மாறிப்போனது.

இதன் விளைவை எண்ணிக்கையில் சொன்னவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவரது அறிக்கையின்படி, 2010 முதல் 2016 வரை ஐ.எல்.-78 விமானங்களின் பறக்கும் தகுதி சராசரியாக 49 சதவீதம். இருக்க வேண்டியது 70 சதவீதம். அதாவது எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் ஆறில் மூன்றுதான் பறக்கத் தயார். இவ்வளவு பெரிய நாட்டின் மேற்கு எல்லை, வடக்கு எல்லை, இரண்டு கடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று டேங்கர்கள்.

முதல் முயற்சி: 2006–2010

குறை தெரியாமல் யாரும் இருக்கவில்லை. பழைய ஆறும் வந்து முடிந்த சூட்டிலேயே, 2006-இல், மேலும் ஆறு டேங்கர்களுக்கு டெண்டர் விடப்பட்டது. கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: ரஷ்யாவின் ஐ.எல்.-78, ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ-330 எம்.ஆர்.டி.டி. இரண்டாவது, பயணிகள் விமானமாக உலகெங்கும் பறக்கும் ஏ-330-இன் டேங்கர் வடிவம். இரண்டே எஞ்சின்கள், நூற்றுப்பத்து டன்னுக்கு மேல் எரிபொருள், கூடையும் பூமும் ஆகிய இரண்டும் பொருத்தும் வசதி, உதிரிபாகத்துக்கு உலகம் முழுக்கக் கடை. 2009-இல் விமானப்படை இதையே தேர்ந்தெடுத்தது.

நிதி அமைச்சகம் விலையைப் பார்த்து நின்றது. ரஷ்ய விமானத்தைவிட இது மிக அதிகம், இந்த அதிகப்படியை எப்படி நியாயப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. 2010 தொடக்கத்தில் டெண்டர் ரத்தானது. நான்கு ஆண்டு வேலை மீண்டும் முதல் படிக்கு வந்தது.

நிதி அமைச்சகத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான். பொதுமக்கள் பணத்துக்குக் காவல் நிற்பவர்கள் விலை கேட்காமல் இருந்தால்தான் தப்பு. பிழை வேறு இடத்தில் இருந்தது. வாங்கும் விலையை மட்டும் ஒப்பிடுவதா, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டும் செலவையும் சேர்த்து ஒப்பிடுவதா என்பதை டெண்டர் விடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கோவையில் மில் நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஸ்பின்னிங் மில்லுக்கு ஏர் கம்ப்ரசர் வாங்கும்போது, விலைப் பட்டியலைவிடப் பத்து ஆண்டு கரண்ட் பில்லைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். நான்கு எஞ்சின் விமானத்துக்கும் இரண்டு எஞ்சின் விமானத்துக்கும் உள்ள வேறுபாடும் அந்த வகைதான்.

இரண்டாம் முயற்சி: 2010–2016

அரசாங்கம் பாடம் கற்றுக்கொண்டது. 2010-இல் விட்ட இரண்டாவது டெண்டரில் ஆயுட்காலச் செலவைக் கணக்கிட்டு யார் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை தருபவர், என்று முடிவு செய்வோம் என்று விதி மாற்றப்பட்டது. அதே இரண்டு விமானங்கள் வந்தன. சோதனைகள் நடந்தன. 2013 ஜனவரியில் ஏ-330 முன்னிலை பெற்றது. பேச்சுவார்த்தை தொடங்கியது.

பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கையெழுத்தாகவில்லை. இதற்கு ஒரே ஒரு காரணம் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடைகள் விழுந்தன.

முதல் தடை பணம். பாதுகாப்புத் துறையின் மூலதனச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் பெரும் பகுதி, முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். மிச்சத்தில்தான் புதிய ஒப்பந்தங்களுக்கு முன்பணம் கொடுக்க முடியும். அந்த மிச்சத்துக்காக அன்று வரிசையில் நின்றவை 126 நடுத்தரப் போர் விமானங்கள், அபாச்சி, சினூக் ஹெலிகாப்டர்கள் என்று நீளும். 2014 பிப்ரவரியில் அன்றைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அந்த 126-க்குத் தேர்வாகியிருந்த ரஃபேலுக்கு அந்த நிதியாண்டில் பணம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். போர் விமானத்துக்கே அந்த நிலை என்றால் டேங்கரை எந்த இடத்தில் வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். குடியரசு நாள் அணிவகுப்பில் கைதட்டல் வாங்குவது போர் விமானம். டேங்கருக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. பட்ஜெட் இறுகும்போதெல்லாம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுவது அதுதான்.

இரண்டாவது தடை, கற்றுக்கொண்ட பாடத்திலிருந்தே வந்தது. ஆயுட்காலச் செலவு என்பது நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய எரிபொருள் விலை, உதிரிபாக விலை, பராமரிப்பு நேரம் எல்லாவற்றையும் இன்றே மதிப்பிடுவது. அந்த மதிப்பீட்டை நம்பி இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று அமைச்சகத்துக்குள்ளேயே ஐயம் எழுந்தது.

மூன்றாவது தடை பயம். 1987-இல் வெடித்த போஃபர்ஸ் விவகாரம் ஒரு தலைமுறை அதிகாரிகளின் கையைக் கட்டிப்போட்டது. அந்த நினைவு மங்கத் தொடங்கிய நேரத்தில், முக்கியப் பிரமுகர்களுக்கான அகஸ்டா வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் ஒப்பந்தம் ஊழல் புகாரில் சிக்கி 2014 ஜனவரியில் ரத்தானது. ஏர்பஸ் தொடர்பான பழைய விசாரணை ஒன்றும் குறுக்கே நின்றது. கோப்பில் கையெழுத்துப் போட்டவர் பத்து ஆண்டு கழித்து விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். போடாமல் விட்டவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தச் சமனில்லாத நிலையில் நேர்மையான அதிகாரிகூட, இன்னொரு விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புவதையே பாதுகாப்பாக நினைப்பார்.

2016-இல் இரண்டாவது டெண்டரும் திரும்பப் பெறப்பட்டது. முதல் டெண்டர் விட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தது.

இந்தக் காலத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பாகிஸ்தான் 2009 முதல் உக்ரைனிடமிருந்து நான்கு ஐ.எல்.-78 வாங்கிக்கொண்டது. சிங்கப்பூர் 2014-இல் ஏ-330 டேங்கரைத் தேர்ந்தெடுத்தது, 2018-இல் முதல் விமானம் அங்கே இறங்கியது. தென்கொரியா 2015-இல் முடிவெடுத்து, 2019 முடிவதற்குள் நான்கையும் பெற்றுக்கொண்டது. நாம் 2009-இல் தேர்ந்தெடுத்து, 2013-இல் மறுபடியும் தேர்ந்தெடுத்த அதே விமானம்தான் அது.

அமெரிக்காவும் தப்பவில்லை

தாமதம் நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணிக் கூச வேண்டியதில்லை. உலகிலேயே அதிக டேங்கர்கள் வைத்திருக்கும் அமெரிக்காவின் கதை இதற்குச் சளைத்ததல்ல. 1956-இல் முதலில் பறந்த கே.சி.-135 டேங்கர்களுக்கு மாற்றாக நூறு போயிங் டேங்கர்களைக் குத்தகைக்கு எடுக்க 2001-இல் பேச்சு தொடங்கியது. அந்த பேரத்தைக் கையாண்ட விமானப்படை அதிகாரி டார்லீன் ட்ரூயன், அதே சமயம் போயிங்கில் தனக்கு வேலை பேசிக்கொண்டிருந்தது அம்பலமானது. அவரும் போயிங்கின் தலைமை நிதி அதிகாரியும் சிறைக்குப் போனார்கள். குத்தகை கைவிடப்பட்டது. 2008-இல் நடந்த போட்டியில் ஏ-330 வென்றது. போயிங் முறையிட, தேர்வில் பிழைகள் இருந்ததாக அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் சொன்னது. மறுபடியும் போட்டி. 2011-இல் போயிங்கின் கே.சி.-46 தேர்வாகி, 2019 ஜனவரியில்தான் முதல் விமானம் படைக்கு வந்தது.

பதினெட்டு ஆண்டுகள். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. காத்திருந்த காலம் முழுவதும் அமெரிக்காவின் கையில் நூற்றுக்கணக்கான டேங்கர்கள் இருந்தன. தாமதம் அவர்களுக்குப் பணச் செலவு. நமக்கு அது திறன் இழப்பு.

காத்திருந்த காலத்தின் விலை

2019 பிப்ரவரி 26 அன்று பாலகோட் தாக்குதலுக்குப் போன மிராஜ் விமானங்களுக்குத் துணையாக ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-78 எழுந்ததாகச் செய்திகள் வந்தன. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் பிரமோஸ் ஏவுகணை ஏந்தும் சுகோய்களுடன் 222-ஆவது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. வங்காள விரிகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் தெற்கிலிருந்து காக்கும் படை அது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று பஞ்சாப் தளம் ஒன்றிலிருந்து கிளம்பிய சுகோய், வழியில் நடுவானில் எரிபொருள் வாங்கிக்கொண்டு, வங்கக் கடலில் ஒரு இலக்குக் கப்பலைப் பிரமோஸால் அடித்தது. இருக்கிற சில டேங்கர்களை வைத்துக்கொண்டே நம் வீரர்கள் செய்த வேலை இது. இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது.

அதே 2020-இல்தான் இன்னொரு காட்சியையும் நாடு பார்த்தது. ஜூலை 27 அன்று பிரான்சிலிருந்து கிளம்பிய முதல் ஐந்து ரஃபேல்களுக்கு வழியில் எரிபொருள் ஊட்டியது பிரெஞ்சு விமானப்படையின் ஏ-330 டேங்கர். ரஃபேல்கள் அபுதாபி அருகே தங்கி, 29 ஆம் தேதி அம்பாலாவில் இறங்கின. பிரான்ஸ் நட்பு நாடு, அது செய்தது நல்ல உதவி. ஆனால் நாம் இரு முறை தேர்ந்தெடுத்து இரு முறை கைவிட்ட விமானமே நம் புதிய போர் விமானங்களைக் கொண்டுவந்து விட்டது என்பதை வரலாறு எழுதுபவன் குறித்துவைக்காமல் இருக்க முடியாது.

நான்கு ஆண்டு கழித்து அந்த வேறுபாடு நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை சூலூரில் தரங் சக்தி பன்னாட்டுப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டுப் போர் விமானங்கள் வந்தன. சரவணம்பட்டியில் சத்தி ரோட்டு டீக்கடைகளிலும், மென்பொருள் வளாகங்களின் வாசலிலும் அந்த வாரம் அதுவே பேச்சு. ஜெர்மனியும் பிரான்சும் ஸ்பெயினும் அலாஸ்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று உலகைச் சுற்றும் நீண்ட பயணத்தின் ஒரு பகுதியாகவே கொங்கு மண்ணுக்கு வந்திருந்தன. அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கியவை அவற்றோடு பறந்த ஏ-330, ஏ-400எம் டேங்கர்கள். விருந்தினர்களின் போர் விமானங்களைப் பார்த்து வியந்த நாம், அவற்றை இவ்வளவு தூரம் கொண்டுவந்த விமானங்களையும் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் முயற்சி

2018-இல் மீண்டும் தகவல் கோரும் அறிவிப்பு வெளியானது. 2022 ஏப்ரலில் ஹெச்.ஏ.எல். நிறுவனமும் இஸ்ரேலின் ஐ.ஏ.ஐ. நிறுவனமும், பயணிகள் விமானங்களை டேங்கராக மாற்றும் வேலையை இந்தியாவில் செய்வதற்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025 மார்ச் 28 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சகம், மெட்ரியா என்ற தனியார் நிறுவனத்திடமிருந்து ஒரு கே.சி.-135 டேங்கரைக் குழுவினரோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கக் கையெழுத்திட்டது. விமானப்படை, கடற்படை விமானிகளின் பயிற்சிக்காக இந்த ஏற்பாடு. நம் விமானப்படை டேங்கரை இப்படி வாடகைக்கு எடுப்பது இதுவே முதல் முறை. கே.சி.-135 கட்டுவது 1965-லேயே நின்றுவிட்டது. ஆகவே நம் இளம் விமானிகள் பழகப்போவது அறுபது வயதுக் கட்டுமானத்தில். இருக்கிற ஐ.எல்.-78-களைப் பயிற்சிக்குச் செலவழிக்காமல் காவல் பணிக்கு ஒதுக்கலாம் என்ற வகையில் இது சரியான முடிவு. ஆனால் பத்து ஆண்டு முன்பே ஒரு முடிவு எடுத்திருந்தால் இந்த வாடகைக்குத் தேவையே வந்திருக்காது.

2025 இறுதியில், ஆறு பழைய போயிங் 767 பயணிகள் விமானங்களை டேங்கராக மாற்றித் தரும் ஐ.ஏ.ஐ.-யின் திட்டம் மட்டுமே களத்தில் எஞ்சியிருப்பதாகவும், மதிப்பு சுமார் 8,000 கோடி ரூபாய் என்றும், அதில் ஏறத்தாழ 30 சதவீதம் இந்தியப் பாகங்களாக இருக்கும் என்றும் செய்திகள் வெளியாயின. ஒரே விற்பனையாளர் எஞ்சினால் ஒப்பிட விலை இல்லையே என்ற தயக்கம் மறுபடி எழலாம். அந்தத் தயக்கத்துக்கு மூன்று ஆண்டு கொடுக்கப்போகிறோமா, மூன்று மாதம் கொடுக்கப்போகிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

அந்த 30 சதவீதம் நமக்கு அந்நியமானதல்ல. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை ஒன்று. இங்குள்ள சிறுதொழில் சங்கமான கொடிசியா ஒரு பாதுகாப்புப் புத்தாக்க மையம் நடத்துகிறது. பம்பு, வால்வு, இணைப்புக் குழாய் என்பவை இந்த ஊரின் பட்டறைகள் மூன்று தலைமுறையாகச் செய்துவரும் பொருள்கள். டேங்கர் என்பதும் அடிப்படையில் எரிபொருளை நம்பகமாகத் தள்ளும் பம்புகளும் வால்வுகளும் கொண்ட அமைப்புதான். விமானத் தரத்துக்கு அவற்றைச் செய்யத் தனிச் சான்றிதழ் வேண்டும், தனிப் பொருள் வேண்டும், பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். சரவணம்பட்டியில் வடிவமைப்பு மென்பொருளில் கை தேர்ந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள், கணபதியிலும் பீளமேட்டிலும் இயந்திரம் அறிந்த கைகள் இருக்கின்றன. 2010-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பராமரிப்பு வேலையில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்திருந்தால், அந்தப் பழக்கத்துக்கு இன்று பதினைந்து வயது ஆகியிருக்கும். தாமதத்தால் இழந்தவற்றில் இதுவும் ஒன்று.

இந்த இருபது ஆண்டுக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. விலை கேட்ட நிதி அமைச்சகம் தன் கடமையைச் செய்தது. சோதித்துத் தேர்ந்தெடுத்த விமானப்படையும் தன் கடமையைச் செய்தது. முறைகேட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பார்த்தவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் எச்சரிக்கையாக இருந்தார்கள், அந்த எச்சரிக்கைக்குக் கெடு விதிக்க மட்டும் யாரும் இல்லை. வாங்கியதால் வந்த செலவைத் தணிக்கை கேட்கிறது, நாடாளுமன்றம் கேட்கிறது. வாங்காததால் வந்த செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அதைச் செலுத்துபவர்கள் இருக்கிறார்கள். எரிபொருள் மானியைப் பார்த்தபடி காவல் சுற்றைப் பாதியில் முடித்துத் திரும்பும் விமானி செலுத்துகிறார். உதிரிபாகத்துக்காக ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும் தரைப்பணியாளர் செலுத்துகிறார்.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து ஒரு கோரிக்கை எழுகிறது. ஒவ்வொரு பெரிய கொள்முதலும் ரத்தாகும்போதும் ஒத்திப்போடப்படும்போதும், அதனால் எத்தனை ஆண்டு இழந்தோம், இடைக்கால வாடகைக்கு எவ்வளவு கொடுத்தோம், எந்தத் திறன் இல்லாமல் இருந்தோம் என்பதையும் நாடாளுமன்றத்தின் முன் எழுத்தில் வைக்க வேண்டும். முடிவெடுப்பவருக்கு நாம் கொடுக்கும் கேள்வித்தாளில் முடிவெடுக்காதவருக்கும் ஒரு கேள்வி இருந்தால்தான், மூன்றாம் முயற்சிக்கு நான்காவது தேவைப்படாது.

அடுத்த வாரம் ஆக்ராவிலிருந்து கொங்கு மண்ணுக்கே திரும்புவோம். விமானங்களைப் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி பறக்கவிடும் சூலூரின் 5-ஆவது தளப் பழுதுபார்ப்பு நிலையத்தின் வரலாறு அது.

(தொடரும்)